வடக்கே உதித்த நிலா

கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வானத்தைப் பிடிக்கக் கிளம்பியிருக்கும் பிள்ளைகளுக்கு,

போன வாரம் உங்களில் நான்கைந்து பேர் புத்தூரில் என் வீட்டுக்கு வந்தீர்கள். என் மனைவி வைத்த போண்டாத் தட்டைக் காலி செய்துவிட்டு இரண்டு கேள்வி கேட்டீர்கள். முதல் கேள்வி, "அங்கிள், எந்த லென்ஸ் வாங்கலாம்?" இரண்டாவது, செல்போனில் ஒரு படத்தைக் காட்டி, "பெரிய ஆளுங்க எடுத்த இந்த மாதிரிப் படம் எங்களுக்கு எப்போ வரும்?"

முதல் கேள்விக்குக் கடைக்காரரே பதில் சொல்லிவிடுவார். உங்கள் சட்டைப் பையைப் பார்த்துச் சொல்வார். இரண்டாவது கேள்விக்கு நான் மழுப்பினேன். இன்னும் போண்டா வேண்டுமா என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன். பெரிய ஆட்களின் படங்களைப் பார்த்து மயங்கி, அந்த மாதிரி எனக்கும் உடனே வரவேண்டும் என்று ஆசைப்பட்டு நான் செய்த காரியம் ஒன்று இருக்கிறது. நீங்கள் போன பிறகு என் மகள் சொன்னாள், "அத்தச் சொல்லேன் நைனா அதுங்களுக்கு. ஷோக்கா வந்த படத்த மட்டும் காட்டி அனுப்புனா இன்னா அர்த்தம்?"

அவள் சொன்னதால் எழுதுகிறேன். சிரிக்க வேண்டிய இடத்தில் தாராளமாகச் சிரியுங்கள். அவள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். பாஸா என்று கேட்காதீர்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் முப்பது வருடம் ஸ்டுடியோ வைத்திருந்தேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பாஸ்போர்ட் சைஸ், எல்லாம் எடுத்திருக்கிறேன். ஆனால் இந்தப் பக்கத்து ஊர்களில் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒட்டு வேலை. பரு, தழும்பு, கலைந்த பூ எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் இருந்த இடம் தெரியாமல் எடுத்துவிடுவேன். கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்ட அப்பாவைப் பழைய படத்திலிருந்து எடுத்து, மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் பட்டு வேட்டியோடு நிற்க வைத்துக் கொடுப்பேன். அதைப் பார்த்துக் கடையிலேயே அழுத பெண்கள் உண்டு. அந்த வேலைக்காக நான் என்றைக்கும் வெட்கப்பட்டதில்லை. ஒட்டின படம் என்று கொடுக்கிற எனக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும்.

ஐம்பத்திரண்டு வயதில்தான் எனக்கு வானத்துப் பைத்தியம் பிடித்தது. திருச்சானூரில் ஒரு கல்யாணம். சாப்பாட்டுப் பந்திக்கு நடுவில் சும்மா நின்றுகொண்டிருந்தபோது, வீடியோ எடுக்க வந்த பையன் செல்போனில் ஒரு படம் காட்டினான். மாடி வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் முழு நிலா எழுகிறது. தொட்டி விளிம்பில் ஒரு காக்கா உட்கார்ந்திருக்கிறது. காக்காவின் அலகு கூடத் தெளிவாகத் தெரிகிறது. அதை எடுத்தவர் திருப்பதியில் தபால் ஆபீஸ் கவுண்ட்டரில் வேலை செய்யும் ஒரு அம்மா. தன் பெயரை எழுதக்கூடாது என்று அவர் எனக்கு உத்தரவு போட்டிருக்கிறார், ஆகவே தபால் அம்மா என்றே வைத்துக்கொள்வோம். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஆனால் இந்த வேலையில் எனக்கு எத்தனையோ வருடம் சீனியர்.

அவரைப் போல வானத்தைப் படம் எடுக்கிறவர்கள் சித்தூரிலும் திருப்பதியிலுமாக ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருந்தார்கள். அதில் சேர்ந்துகொண்டேன். தினமும் காலையில் பல் விளக்குவதற்கு முன் அவர்கள் படங்களைப் பார்ப்பேன். பார்த்துவிட்டுச் சாயங்காலம் மொட்டை மாடிக்கு ஓடுவேன். மூன்று மாதம் ஓடினேன். உச்சியில் நிற்கிற நிலா ஓரளவுக்கு வந்தது. மலைக்குப் பக்கத்தில், மரத்துக்குப் பக்கத்தில் எழுகிற நிலா மட்டும் வரவே இல்லை. நிலா சரியாக வந்தால் மரம் கறுத்துவிடும், மரம் சரியாக வந்தால் நிலா கோலமாவு கொட்டின மாதிரி வெளுத்துவிடும். பாதி நாள் நான் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தில் நிலா வரவே வராது.

முப்பது வருடம் தொழில் செய்தவனுக்கு இது எப்படி இருக்கும், சொல்லுங்கள். ஒரு மத்தியானம் கடையில் ஆள் இல்லை. கம்ப்யூட்டரில் திருப்பதி மலையடிவாரத்து அலிபிரியில் எடுத்த ஒரு படம் இருந்தது. நடந்து மலை ஏறுகிற ஒரு குடும்பத்தோடு போனபோது சாயங்கால வெளிச்சத்தில் எடுத்தது, மலை அவ்வளவு அழகாக இருந்தது. மாடியிலிருந்து எடுத்த நிலாவும் பக்கத்திலேயே இருந்தது. நிலாவைக் கொஞ்சம் பெரிசு பண்ணி, கொஞ்சம் மஞ்சள் பூசி, மலை மேட்டில் வைத்தேன். கால் மணி நேரம்தான் ஆனது. குரூப்பில் போட்டேன்.

புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லாரும் இதயமும் நெருப்பும் அனுப்பினார்கள். பழைய ஆட்கள் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. வாயடைத்துப் போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். தபால் அம்மா மட்டும் தனியாக எனக்கு எழுதினார்: "அண்ணா, எங்கே நின்னு எடுத்தேள்?"

"அலிபிரிங்க. மலையைப் பார்த்து," என்று பதில் போட்டேன்.

"சரிண்ணா. சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் வெதுருகுப்பம் மாந்தோப்புக்கு வரோம். நீங்களும் வாங்கோ."

பெரிய ஆட்கள் என்னைத் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள் என்று அன்றைக்கு என் நடையே கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது.

இதற்குள் என் மகள் அந்தப் படத்தைக் கடைக் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டாள். அப்போது அவள் பத்தாம் வகுப்பு. சித்தூரில் நடக்கப்போகிற பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்கு, மலைக்குப் பக்கத்தில் வரும்போது நிலா ஏன் பெரிதாகத் தெரிகிறது என்று ஒரு தலைப்பு எடுத்திருந்தாள். "இத்த விட நல்ல படம் எங்க கெடைக்கும் நைனா!" என்று அவளே பன்னிரண்டுக்குப் பதினெட்டு இன்ச் பிரிண்ட் போட்டு, அடியில் "எடுத்தவர்: என் தந்தை" என்று தெலுங்கில் எழுதினாள். வாத்தியாரிடம் காட்டி, வகுப்பு முழுக்கக் காட்டி, பேரும் அனுப்பியாகிவிட்டது.

அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்ததும் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். நாளை வந்தது. அதற்கும் ஒரு நாளை இருந்தது.

சனிக்கிழமை அவளும் வண்டியில் ஏறிக்கொண்டாள். பிரிண்டைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டாள், பெரிய ஆட்களிடம் காட்ட வேண்டுமாம். வெதுருகுப்பம் தோப்பின் சொந்தக்காரரும் இந்தக் கூட்டத்தில் பழைய ஆள். மாங்காய் வியாபாரம் போக மிச்ச நேரமெல்லாம் நட்சத்திரம். பழைய மோட்டாரையும் சைக்கிள் சங்கிலியையும் வைத்து, வானம் நகர நகர கேமராவும் நகர்கிற மாதிரி ஒரு கருவி செய்து வைத்திருந்தார்.

"ரண்டி, ரண்டி, ஸ்டுடியோ அண்ணா!" என்று தெலுங்கில் வரவேற்றுவிட்டுத் தமிழுக்கு வந்தார். "ஒங்களத்தான் எல்லாரும் பாத்துக்கினு கீறோம்."

சித்தூர் கண்காட்சியில் வைக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டே என் மகள் கயிற்றுக் கட்டில்மேல் படத்தை விரித்தாள். ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். பௌர்ணமிக்கு நான்கு நாள் இருந்தது. இருட்டுவதற்கு முன்பே நிலா தோப்புக்கு மேலே வந்து நின்றிருந்தது. தோப்புக்காரர் படத்தைப் பார்த்தார். அண்ணாந்து நிலாவைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"டீ ஆறிண்டிருக்கு. முதல்ல அதைக் குடிங்கோ," என்றார் தபால் அம்மா அவரிடம்.

அவர் டீயைக் குடித்துவிட்டு என் மகளிடம் சொன்னார், "ஒங்க நைனா பெரிய ஆளும்மா. நாங்கல்லாம் நிலா வர்ற எடத்துக்குப் போயி நின்னுக்கினு கீறோம். அவுரு இருக்கற எடத்துக்கு நிலாவை வரவெச்சுட்டாரே!"

எல்லாரும் சிரித்தார்கள். "தேங்க்ஸ் மாமா!" என்றாள் என் மகள், பூரித்துப்போய்.

எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. என்னவென்று மட்டும் விளங்கவில்லை. அதற்குள் தபால் அம்மா, "அண்ணா, இந்தப் பெட்டிக்கு ஒரு கை பிடிங்கோ," என்று என்னைக் கிணற்றுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். பெட்டி ஒன்றும் கனமாக இல்லை.

"ஒட்டின இடம் தெரியவே இல்லைண்ணா. வேலை ரொம்ப சுத்தம்," என்றார்.

நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அலிபிரியில நின்னு மலையைப் பார்த்தா எதிர்ல எந்தத் திக்கு?"

"வடக்குங்க," என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே விளங்கிவிட்டது. நூறு தடவை அலிபிரிக்குப் போயிருக்கிறேன், நூறு தடவையும் அந்த மலையைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பின்னாலிருந்து சூரியனோ நிலாவோ ஒரு நாளும் எழுந்ததில்லை என்பது அந்தக் கிணற்றங்கரையில்தான் என் மண்டையில் ஏறியது.

"பெருமாளே நெனைச்சாலும் அங்கே நிலாவை உதிக்க வைக்க மாட்டார். உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

"கால் மணி நேரம்."

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எல்லாருக்கும் தெரியுமாங்க?" என்று கேட்டேன்.

"பழைய ஆள்கள் எல்லாருக்கும் பார்த்த உடனே தெரியும். அதனாலதான் ஒருத்தரும் பேசலை. புதுசா வந்தவர், மனசு நோகக்கூடாது, தானே தெரிஞ்சுப்பார்னு விட்டோம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா குழந்தை அதை எடுத்துண்டு சித்தூர் போறா. நடுவரா வர்றவர் கேட்கிற முதல் கேள்வியே திக்குதான். அத்தனை பேருக்கு நடுவில அவ நிப்பா. நீங்க சொல்றேளா, இல்லை அவர் சொல்லட்டுமா?"

"வேற படம் ஒண்ணு கொடுத்து மாத்திடறேங்க. இது நல்லா இல்லைன்னு சொல்லி…"

"அது இன்னொரு ஒட்டுண்ணா."

அதற்குமேல் அவர் எனக்குப் புத்தி சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு நீளமான நோட்டை எடுத்து, டார்ச் வெளிச்சத்தில் காட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் அவர் வீட்டு மாடியிலிருந்து தெரிகிற கிழக்குப் பக்கத்தைக் கோடு கோடாக வரைந்திருந்தார். தண்ணீர்த் தொட்டிகள், ஒரு தென்னை, செல்போன் டவர், கல்யாண மண்டபத்துக் கூரை. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் நிலா எந்த இடத்திலிருந்து எட்டிப் பார்த்தது என்று ஒரு புள்ளி. ஒன்பது வருடப் புள்ளிகள். புள்ளி இல்லாத மாதங்களில் ஒரு சொல் எழுதியிருந்தது. மேகம். மேகம். ஆபீஸில் லேட். மாமியாருக்கு ஜுரம். மேகம்.

"அந்தக் காக்கா படம்?" என்று கேட்டேன்.

"அதுக்கு மூணு வருஷம். முதல் வருஷம் மேகம். ரெண்டாவது வருஷம் நிலா சரியா தொட்டிக்குப் பின்னால வந்தது, அன்னிக்குன்னு பக்கத்தாத்துல போர்வையெல்லாம் துவைச்சுக் காயப்போட்டுட்டா. மூணாவது வருஷம் கெடைச்சுது."

"காக்கா?"

"காக்கா தானா வந்ததுண்ணா. அதை நான் கூப்பிடலை."

பிள்ளைகளே, பெரியவர்களிடமிருந்து ஊக்கம் பெறுவது எப்படி என்று கேட்டால் என் கையில் இருப்பது இது ஒன்றுதான். மூன்று மாதம் அவர்கள் எடுத்த நல்ல படங்களையே பார்த்தேன். அது என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தது. மேகம், மேகம் என்று எழுதியிருந்த அந்தப் பக்கத்தை ஐந்து நிமிடம் பார்த்தேன், உடனே வெளியே போய் நிற்க வேண்டும்போல இருந்தது. பொறாமையும் ஊக்கமும் ஆரம்பத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும், நம்மை எங்கே அனுப்புகிறது என்பதை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். பெரியவர்களைப் பார்க்கப் போனால் படத்தைக் காட்டுங்கள் என்று கேட்காதீர்கள், படம் கிடைக்காத நாள்களைக் காட்டச் சொல்லுங்கள். முதலில் முறைப்பார்கள், பிறகு உங்களை விடமாட்டார்கள். விடியும்வரை சொல்வார்கள்.

திரும்பி வரும்போது கார்வேட்டிநகரம் தாண்டி வண்டியை ஓரம் கட்டினேன். அவள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். முகத்தைப் பார்க்காமல் சொல்வது கொஞ்சம் சுலபம் என்று நினைத்தேன்.

"அது ஒட்டுப் படம்மா."

ஒரு லாரி போயிற்று.

"மலை ஒட்டா, நிலா ஒட்டா?"

"ரெண்டும் நெசம். சேத்ததுதான் ஒட்டு."

பின்னால் அவள் பிரிண்டை இறுக்கிச் சுருட்டுவது கேட்டது. பிறகு, "அந்த மாமா சொன்னது கிண்டலா நைனா?"

"ஆமாம்மா."

"நான் தேங்க்ஸ் மாமான்னு சொன்னேனே!"

இவ்வளவு வருடத்தில் என்னை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். முகூர்த்தத்தில் ஃபிலிம் தீர்ந்துபோன ஒரு நாள் பெண் வீட்டார் என்னைத் துரத்தியே இருக்கிறார்கள். எதுவும் அந்த ஒரு வரியைப் போல வலித்ததில்லை. "வண்டிய எடு," என்றாள். வீட்டுக்கு வந்தாள், சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டாள். "இன்னா, பொண்ணு மூஞ்சி இப்படி கீது?" என்று மனைவி கேட்டாள். நான் அவளிடமும் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்ததும் குரூப்பில் எழுதினேன்: "அலிபிரி நிலா ஒட்டுப் படம். மன்னிக்கவும்." ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, தோப்புக்காரரிடமிருந்து பதில்: "அப்பாடா! இனிமே பேசலாமா அண்ணா?" அதற்குப் பிறகு மத்தியானம் வரைக்கும் செல்போன் நிற்கவில்லை. ஒருத்தர் காளஹஸ்தியில் இரண்டு நிலா வேண்டும், கிடைக்குமா என்றார். இன்னொருத்தர் தன் வீட்டுக் கொல்லைப் பக்கம் இருட்டாக இருக்கிறது, அங்கே ஒன்று வைத்துக் கொடுங்கள் என்றார். அதுவரைக்கும் என்னிடம் மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் அன்றுதான் என்னைத் தங்களில் ஒருத்தனாகப் பேசினார்கள்.

மகள் மட்டும் பேசவில்லை. கடைசியில் சாப்பாட்டு நேரத்தில் காலண்டர் முன்னால் போய் நின்றாள்.

"பேர் அனுப்பியாச்சு. தலைப்ப மாத்த முடியாது. வெள்ளிக்கெழம எக்ஸிபிஷன். புதன்கெழம பௌர்ணமி. நெசமான நிலா ஒண்ணு எடுத்துக் குடு."

"கெடைக்கலைன்னா?"

"படம் இல்லாத போயி நிப்பேன். ஏன் இல்லைன்னு கேட்டா நெசத்தச் சொல்லுவேன்."

தபால் அம்மாவுக்குப் போன் செய்தேன். "உங்களுக்குக் கிழக்கால ஏதாவது மலை இருக்கா?" என்று கேட்டார். நகரி மலை இருக்கிறது என்றேன். மலைக்கு மேற்கே, நகரி ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஏரி இருப்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் கணக்குப் போட்டுவிட்டு, ஏரிக்கரையில் எந்த முனையில் நிற்க வேண்டும் என்று சொன்னார். "இந்த மாசம் நேர் கிழக்குலேருந்து கொஞ்சம் வடக்கே தள்ளி வருவான். கொஞ்சம்தாண்ணா. உங்க அலிபிரி அளவுக்கு இல்லை."

அந்தப் புதன்கிழமை கார்த்திகை தீபம். "ஊரே வெளக்கு வெக்க ஊட்டுக்கு வந்துகினு கீது. அப்பனும் பொண்ணும் ஏரிக்குப் போறீங்களே," என்று மனைவி கதவு வரைக்கும் வந்து சொன்னாள். ஆனால் போர்வை, பிளாஸ்க், கொசுவத்தி எல்லாம் அவளே பையில் வைத்திருந்தாள்.

ஏரிக்கரையில் கேமரா முக்காலியை நிறுத்தினேன். மலைமேல் மேகம் குந்தியிருந்தது. பொழுது சாய்ந்தது. தபால் அம்மா சொன்ன நேரம் வந்தது, போயிற்று. பின்னால் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் விளக்கு ஏறிக்கொண்டிருந்தது. மலைமேல் மட்டும் ஒன்றும் இல்லை.

"அந்தப் பக்கம் வெளுத்துக் கீது நைனா," என்று தெற்குப் பக்கம் காட்டினாள் மகள். "வண்டியில அங்க போயிடலாமா?"

அங்கே வானம் கழுவி விட்டமாதிரிதான் இருந்தது. மேகம் இல்லாத இடத்துக்குப் போக வேண்டும் என்று எல்லாருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. முக்காலியில் கை வைத்துவிட்டேன். அப்போது எனக்கு உதவிக்கு வந்தது என் பழைய தொழில். தாலி கட்டுகிற நேரத்தில் மேடையில் என்ன நடக்கும் தெரியுமா? மாமன்கள் இடிப்பார்கள், அட்சதை லென்சில் விழும், யாரோ ஒருத்தர் அந்தப் பக்கம் வா, நன்றாகத் தெரிகிறது என்று கத்துவார். அந்தப் பக்கம் போனவன் தாலியைத் தவற விடுவான். ஓர் இடத்தைப் பார்த்து நின்றுவிட்டால் நின்றதுதான். நிலா வருகிற இடம் மேகத்துக்குப் பின்னால் இருந்தாலும் இதுதான். வானம் வெளுத்த இடத்தில் நிலா இல்லை.

"இங்கியே நில்லு," என்றேன். சொல்வது எனக்குச் சுலபம். வெறுங்கையோடு வெள்ளிக்கிழமை போய் நிற்கப்போவது அவள்.

கொஞ்ச நேரம் கழித்து மலைத்தோளுக்கும் மேகத்துக்கும் நடுவில், ஒரு விரல்கடை இடுக்கில், செப்பு நிறத்தில் என்னவோ தெரிந்தது. "நைனா!" என்று கத்தினாள். நான் பதற்றத்தில் பட்டனை அமுக்கினேன். ஏரிக்கரை முழுவதும் பளிச்சென்று ஒரு வெளிச்சம் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை சீமந்தத்துக்கு வைத்த செட்டிங்கை நான் மாற்றவே இல்லை.

"நிலாவுக்கு ஃப்ளாஷ் அடிக்கிறியா நைனா!"

நான்கு நாளுக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். விழுந்து விழுந்து சிரித்தாள், சிரித்துக்கொண்டே ஃப்ளாஷை அமுக்கி மூடினாள். நான் செட்டிங்கை மாற்றினேன். மூன்று படம் கிடைத்தது. நான்காவதில் மேகம் மூடிவிட்டது, அப்புறம் திறக்கவில்லை.

கடைக்குப் போய்ப் பார்த்தோம். இரண்டு படம் ஆடிப்போயிருந்தது. ஒன்று நன்றாக இருந்தது. அடியில் மலை கடித்து, மேலே மேகம் சீவி, சிவந்துபோன ஒரு நிலா. சின்னதுதான். அதன் குறுக்கே கரண்ட் கம்பி ஒன்று கோடு போட்டமாதிரி போயிருந்தது. ஏரிக்கரையில் எங்கள் கண்ணுக்கு அது படவே இல்லை.

நான் யோசிக்கக்கூட இல்லை. என் கை தானாகவே படத்தைப் பெரிசு பண்ணி, கம்பியின் மேல் போய் நின்றது. மகள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தொடாத."

"கம்பி மட்டும்மா. கம்பிய எடுத்தா நிலா பொய்யாயிடுமா?"

"தொடாத நைனா."

கம்பியை எடுப்பது தப்பா என்று நீங்களும் கேட்பீர்கள். பெரிய ஆட்கள் எல்லாரும் படத்தில் கொஞ்சம் கை வைக்கிறவர்கள்தான். எவ்வளவு வைக்கலாம் என்று மாந்தோப்பில் இன்றைக்கும் சண்டை நடக்கிறது, நான் அதில் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், முப்பது வருடம் கேட்காமலே வேலை செய்த அந்தக் கைக்கு அன்றைக்கு ஒரு நாள் லீவு தேவைப்பட்டது. கம்பியோடே பிரிண்ட் போட்டோம்.

வெள்ளிக்கிழமை சித்தூருக்குப் போனோம். பரிசு ஒரு எரிமலைக்குப் போயிற்று என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை அதற்காகக் காத்திருக்காதீர்கள். பெரிய ஹால், இரண்டு பக்கமும் மேஜைகள். புகை விடுகிற எரிமலைக்கும் தானாகத் தண்ணீர் ஊற்றுகிற செடிக்கும் நடுவில் என் மகள் நின்றாள். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன்.

நடுவர் கண்ணாடி போட்ட ஒல்லியான வாத்தியார். படத்தைக் கிட்டத்தில் குனிந்து பார்த்தார். அவர்கள் தெலுங்கில் பேசினார்கள், நான் நம் பேச்சில் எழுதுகிறேன்.

"எந்தத் திக்கு?" என்று கேட்டார். முதல் கேள்வியே அதுதான்.

"கெழக்கு சார். கொஞ்சம் வடக்கா தள்ளி."

"ஏன் வடக்கா தள்ளி?"

அவள் சொன்னாள். கார்த்திகையில் ஏன் அப்படி, ஆனியில் ஏன் மாறும் என்று தபால் அம்மாவின் நோட்டைப் போலவே கையால் காற்றில் கோடு போட்டுக் காட்டினாள். மலைக்குப் பக்கத்தில் நிலா பெரிதாவதில்லை, நம் கண்ணுக்குத்தான் அப்படித் தோன்றுகிறது என்று படத்தின் மேல் ஸ்கேல் வைத்துக் காட்டினாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே வந்தவர், மறுபடி குனிந்தார்.

"எல்லாம் சரி. இந்தக் கம்பியை எடுத்திருக்கலாமே? கம்ப்யூட்டரில் ஒரு நிமிஷ வேலை. எடுத்தவருக்கு அது தெரியாதா?"

"நல்லாத் தெரியும் சார். அந்த வேலையில இந்தப் பக்கத்துலயே அவருதான் கெட்டி. நான்தான் வேணாம்னேன்."

"யார் அவர்?"

அவள் தூணுக்குப் பின்னால் வந்தாள். நான் பின்வாங்கப் பார்த்தேன், விடவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நடுவருக்கு முன்னால் நிறுத்தினாள்.

"எங்க நைனா சார். இவருதான் எடுத்தாரு," என்றாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இன்னொரு சொல்லும் சேர்த்தாள்.

"நெசமா."